சாஸ்திரியார் பல்கலைக்கழகமும் தபாலில் வந்த இங்கிலீஷும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

எங்கள் பூலாம்பாடியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இந்த வருடம் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறாள். அப்பா மலேசியாவில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, எங்க டிபார்ட்மெண்ட்ல லிட்டரரி அசோசியேஷன் ஆரம்பிக்கிறாங்க. எல்லாரும் அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணுமாம். நான் பேர் குடுக்கல."

"ஏம்மா?"

"நம்ம ஊரு இங்கிலீஷை வச்சுக்கிட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அன்று சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வலங்கைமான் என்ற ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1869-இல் அங்கே ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தார். மாயவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியர். 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வுக்குப் போனார். அப்புறம் லண்டன், ஜெனீவா, தென்னாப்பிரிக்கா என்று போன இடமெல்லாம் அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்டு வெள்ளைக்காரர்களே வாயடைத்து நின்றார்கள். 'வெள்ளி நாக்கர்' என்று பட்டப்பெயர். அரசியலில் அவர் மிதவாதி. அந்தக் கட்சியில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கியவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம்.

இந்தச் சாஸ்திரியார்தான் 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929-இல் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம். விடுதி, மெஸ், மாலையில் மைதானம், இரவில் பேச்சுக் கூட்டம். வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற கல்லூரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அங்கே ஒரு நாளாவது தங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

காந்தியின் சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் அல்லவா? 1940-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, மொழிநடையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் தன் பெயரைச் சொல்லவே கூடாது என்று நிபந்தனை போட்டாராம். முன்னுரையில் பெயர் இல்லை. அது சாஸ்திரியார்தான் என்று பின்னால் வெளியே வந்தது. வாத்தியார் என்றால் சிவப்பு மை, பெயர் எதற்கு?

அப்படிப்பட்டவர் தலைமையில் இருந்த இடத்தில் ஆங்கிலப் பேச்சுக்கு மரியாதை இல்லாமல் இருக்குமா? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அவர் போன கொஞ்ச காலத்திலேயே அதே வளாகத்தில் தமிழ் படித்த இரண்டு பேர், நெடுஞ்செழியனும் அன்பழகனும், தமிழ்நாட்டு மேடைகளைத் தமிழால் கட்டி ஆண்டார்கள். பேசக் கற்றுக்கொடுக்கிற இடம் இருந்தால் போதும் போலிருக்கிறது. எந்த மொழியில் பேசுவது என்று பையன்கள் முடிவு செய்துகொள்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1950-களின் கடைசியில் சென்னை ராஜ்யத்தில் சுமார் 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி கொடுக்க ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கிற பனிப்பந்து மாதிரி என்பதால் 'ஸ்னோபால்' என்று பெயர் வந்தது. பச்சைமலை அடிவாரத்தில் பனிப்பந்தை யார் கண்டது? அது உருண்டு உருண்டு எங்கள் வாத்தியார் வரைக்கும் வந்தது. பேனாவைத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ பென்" என்பார். நாங்கள் நாற்பது பேர் திருப்பிக் கத்துவோம். நல்ல மனுஷன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அவர்தான் அஸ்திவாரம். ஆனால் பேனாவையும் மேசையையும் தாண்டி அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நான் ஏழாவது படிக்கும்போது 1965 வந்தது. ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. ராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேர்ந்த அன்றைக்கு உயர்நிலைப்பள்ளி அண்ணன்மார்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நாங்கள் பொடியன்கள் பின்னாலேயே ஓடினோம். "ஹிந்தி நெவர்! இங்கிலீஷ் எவர்!"

நானும் தொண்டை வற்றக் கத்தினேன். 'எவர்' என்றால் என்னவென்று அப்போது தெரியாது. 'யார்' என்று கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பாக இருக்கலாம். 1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் தமிழில் படித்த பையனுக்கு ஒரே நாளில் கணக்கு, வரலாறு எல்லாம் ஆங்கிலம். முதல் வாரத்தில் ஆங்கில விரிவுரையாளர் எழுப்பி, உன்னைப் பற்றிச் சொல் என்றார். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். "எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன். "பூலாம்பாடி, சிட் டவுன்" என்றார். வருடம் முழுவதும் அந்த வகுப்பில் என் பெயர் பூலாம்பாடிதான். ஆங்கில மன்றம், நாடகம், விவாதம் எல்லாம் அங்கேயும் நடந்தன. கான்வென்ட் பையன்கள் மேடையில், நாங்கள் கடைசிப் பெஞ்சில் கைதட்ட. எந்த மொழிக்காகத் தெருவில் கத்தினோமோ அந்த மொழி வகுப்புக்குள் எங்களை ஊமையாக்கியது. நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸ் செய்தேன். பி.ஏ.வுக்கு வரலாறு எடுத்தேன், பயத்தினால்தான். பி.எட். முடித்து 1976-இல் வேலைக்கு வந்தேன்.

1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1984-இல் எம்.ஏ. ஆங்கிலத்துக்குப் பணம் கட்டினேன். எம்.ஏ. முடித்தால் ஊக்க ஊதியம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் என்றால் வரலாற்றிலேயே எம்.ஏ. முடித்திருப்பேன்.

பழுப்புக் காகிதக் கட்டில் பாடங்கள் வரும். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், இங்கிலீஷ் வந்துருக்கு" என்பார். ஊரே அப்படித்தான் சொல்லும்.

மே மாதம் சிதம்பரத்தில் நேர்முக வகுப்பு. பெரம்பலூர் போய், அரியலூர், ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். முப்பது வயதில் எனக்குக் கல்லூரி மாணவன் வாழ்க்கை அந்தப் பத்து நாள்தான். எல்லாரும் என்னை மாதிரி ஆட்கள். ஆத்தூர்ப் பக்கத்து ஹெட்மாஸ்டர் ஒருவர், ஒரு பாங்க் குமாஸ்தா, ஒரு பஸ் கண்டக்டர், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த டீச்சரம்மா ஒருவர். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லாட்ஜ் மொட்டை மாடியில் ஆண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். கண்டக்டர்தான் சட்டம் போட்டார்: தமிழ் பேசினால் நாலணா. முதல் ராத்திரி யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் ராத்திரி ஹெட்மாஸ்டர் ஒரு ரூபாயைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வாக்கியம் தமிழ்ல பேசிக்கிறேன்" என்றார். சிரித்ததில் பயம் போய்விட்டது. அப்புறம் மெக்பெத்தைச் சத்தம் போட்டுப் படித்தோம். கண்டக்டர்தான் மெக்பெத் சீமாட்டி. டிக்கெட் கேட்கிற குரலில் படிப்பார்.

கடைசி நாள் பல்கலைக்கழக வாசலில் ராசேந்திரன் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பன்னிரண்டு வயதில் அர்த்தம் தெரியாமல் அவருக்காகக் கத்தியவன், இப்போது கையில் ஷேக்ஸ்பியரோடு நிற்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு தாளில் தவறி, மறுபடி எழுதி, 1987-இல் எம்.ஏ. முடித்தேன். ஓய்வு பெறும்வரை ஆங்கிலமும் எடுத்தேன். எந்தப் பையனையும் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அந்த கண்டக்டர் பாஸ் பண்ணாரா தாத்தா?" தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமை பேர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். சாஸ்திரியாரைப் பற்றிப் பேசப் போகிறாளாம். இப்போது தினமும் சாயங்காலம் திண்ணையில் ஒத்திகை நடக்கிறது. தமிழ் பேசினால் ஐந்து ரூபாய். இதுவரை நான்தான் அதிகம் கட்டியிருக்கிறேன்.