சமைப்பது உடலைச் சேர்ந்ததா?

மேகன் து பொய்சன் ஒரு பிரிட்டிஷ் இல்லத்தரசி. தண்டுவடத்தையும் நரம்புகளையும் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. தொழிற்சாலையில் அடிபட்டவருக்கு அங்கே இழப்பீடு இருந்தது, போரில் கால் இழந்தவருக்கு ஓய்வூதியம் இருந்தது. வீட்டில் முடங்கியவளுக்கு ஒன்றுமில்லை. அவள் காப்பீட்டுச் சந்தா கட்டியவள் அல்லவே. 1965இல் அவர் கார்டியன் நாளிதழுக்கு இதைக் கடிதமாக எழுதினார். பெரிட் மூர் என்ற இன்னோர் ஊனமுற்ற இல்லத்தரசியோடு சேர்ந்து ஊனமுற்றோர் வருமானத்துக்கான ஓர் அமைப்பையும் தொடங்கினார். 1969இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் எழுப்பிய கோரிக்கையின் ஒரு பகுதி 1971 டிசம்பரில் பணமாகக் கைக்கு வரத் தொடங்கியது. அதன் பெயர் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். பிறர் உதவியின்றி அன்றாடம் கழிக்க முடியாதவருக்கான படி.

இந்தப் படியை மறுத்த கடிதங்களும், அவற்றை எதிர்த்த மேல்முறையீடுகளும் சேர்ந்து ஒரு வரலாறாகியிருக்கின்றன. பெண்ணின் வேலையைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்த்தது என்று அறிய அதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

‘உடலின் செயல்பாடுகள் தொடர்பாக’ ஒருவருக்கு அடிக்கடி உதவி தேவைப்பட வேண்டும் என்றது சட்டம். உடலின் செயல்பாடு எது? 1981இல் பேக்கர் என்ற முதிய பெண்மணியின் வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு அதற்கு விளக்கம் சொன்னார். உண்பது, குடிப்பது, நடப்பது, உறங்குவது எல்லாம் உடலின் செயல்பாடுகள். சமைப்பது அப்படி அல்ல. வீட்டில் ஒருவர் மற்ற எல்லோருக்குமாக வழக்கமாகச் செய்கிற வேலை அது என்பது அவர் காட்டிய காரணம். தட்டில் இருப்பதை நறுக்கிக் கொடுத்தால், கோப்பையை வாயருகே தூக்கிப் பிடித்தால் கணக்கில் சேரும். அந்த உணவை ஆக்கியது சேராது. 1984இல் வூட்லிங் வழக்கில் பிரபுக்கள் அவையும் இதையே உறுதிசெய்தது.

அந்த ‘வீட்டில் ஒருவர்’ யார் என்று தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நம் வீடுகளில் ‘சும்மாதான் இருக்கா’ என்பார்களே, ஏறக்குறைய அதே வாக்கியத்தைத்தான் அங்கே அங்கி அணிந்த ஒருவர் சட்டமொழியில் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், மறுப்பதற்கு வசதியாக இருந்தபோது இதே அரசு வீட்டுவேலையை மிக நுணுக்கமாக எடைபோட்டது. சந்தா கட்டாத ஊனமுற்றோருக்கென்று 1975இல் ஓர் ஓய்வூதியம் வந்தது. ஆண்களுக்கும் மணமாகாத பெண்களுக்கும் மட்டும். மணமான பெண்களுக்கு 1977இல்தான் கதவைத் திறந்தார்கள், அதுவும் தனி நிபந்தனையோடு. சம்பள வேலை செய்ய முடியாது என்பதோடு, ‘வழக்கமான வீட்டுவேலைகளையும்’ செய்ய முடியாது என்று அவள் நிரூபிக்க வேண்டும். வீட்டுவேலை செய்ய முடியுமா என்று எந்த ஆணையும் யாரும் கேட்கவில்லை. 1984வரை இந்தச் சோதனை நீடித்தது.

பராமரிப்பவளின் கதையும் இதேதான். ஊனமுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவருக்கான படி 1976இல் வந்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்கு அது கிடையாது. எப்படியும் அவள் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசின் வாதம். ஜாக்குலின் டிரேக் 1984இல் தன் தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்டார். படி கேட்டார், மறுத்தார்கள். வழக்கு லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. தீர்ப்பு 1986 ஜூன் 24. அதற்கு முந்தைய நாளே, மணமான பெண்களுக்கும் படி உண்டு என்று அரசு அறிவித்துவிட்டது. தோற்பது தெரிந்திருந்தது போலும். ஒரு பெண் படி கேட்டு விடாமல் நின்றதால், அந்த நாட்டு மனைவிகள் எல்லோருக்குமான விதி மாறியது.

எல்லா மேல்முறையீடும் இப்படி முடியவில்லை. 1992இல் வந்த புதிய படியில் சமையல் ஒருவழியாக உள்ளே நுழைந்தது. தனக்கு மட்டும் ஒருவேளைச் சாப்பாட்டைத் தானே சமைக்க முடியாதவருக்கு மிகக் குறைந்த தொகை. மொய்னா என்ற இதயநோயாளிப் பெண் அதைக் கேட்டார். வாரத்தில் சில நாள் அவரால் அடுப்படியில் நிற்க முடியாது, மற்ற நாள் முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2003இல் பிரபுக்கள் அவை அதை ரத்துசெய்தது. அவர் நிலையை முழுவதுமாகச் சேர்த்துப் பார்த்தால், சமைக்கக் கூடியவர்தானாம். முடியாத நாளில் அவர் என்ன சாப்பிட்டார் என்பது சட்டத்தின் கேள்வி அல்ல. இந்த வழக்கில் எனக்கு இன்றும் ஆறவில்லை.

துணி துவைப்பதும் ஒருமுறை வழக்காயிற்று. சிறுநீரை அடக்க முடியாத காக்பர்ன் என்ற பெண்மணியின் அழுக்குத் துணிகளை வேறொருவர் எடுத்துப்போய்த் துவைப்பது உடலுக்கான உதவி ஆகாது என்று 1997இல் பிரபுக்கள் அவை சொன்னது. நனைந்த துணியை உடனே மாற்றிவிட்டால் உதவி. அதை எடுத்துப்போய் அலசிப் பிழிந்தால் வீட்டுவேலை. மூத்திரத்துணி அலசிய கை எதுவும் அந்த அவையில் இருந்திருக்காது.

2013 முதல் அங்கே, வேலைசெய்யும் வயதினருக்கு, புள்ளிக்கணக்கு முறை நடக்கிறது. அன்றாட வாழ்வின் பத்துச் செயல்கள். எட்டுப் புள்ளி கிடைத்தால் ஒரு தொகை, பன்னிரண்டு கிடைத்தால் கூடுதல் தொகை. உணவு தயாரிப்பதுதான் பட்டியலில் முதலாவது. அதைச் செய்ய முடிவது மட்டும் போதாது, பாதுகாப்பாகவும் திரும்பத் திரும்பவும் நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிய வேண்டும் என்று விதி சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் முடியாவிட்டால் அது முடியாமையே. மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயம். அங்கே விசாரணைவரை போகிறவர்களில் பாதிக்கு மேல் வெல்கிறார்கள். அப்படியென்றால் முதல் மறுப்புகளின் தரம் என்ன என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் ‘எப்படியோ சமாளிக்கிறேன்’ என்று எழுதுகிறவருக்குப் புள்ளி விழாது. சமாளிப்பதையே சாமர்த்தியம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள், ஒரு கால்சட்டையை மாட்ட எத்தனை நிமிடமாகிறது, நடுவில் எத்தனைமுறை உட்கார வேண்டியிருக்கிறது, யார் கைகொடுக்கிறார்கள் என்று தாளில் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்தில் துணி துவைப்பது இன்றும் இல்லை.