ஆளில்லாத சப்மரீன் என்று ஒன்று உண்டா?

  

2017 நவம்பர். குமரி மாவட்டக் கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். பணி ஓய்வுக்கு ஆறு மாதம் பாக்கி. அந்த மாதம் 15ஆம் தேதி, அர்ஜென்டினாவின் சான் ஹுவான் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 44 பேருடன் தென் அட்லாண்டிக்கில் காணாமல் போனது. செய்தித்தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து நான் உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகள் கேட்பார்கள், “சார், சப்மரீன் கிடைச்சுதா?”

ஒரு மாணவி மட்டும் வேறு ஒன்று கேட்டாள். “ஆள் இல்லாத சப்மரீனை அனுப்பித் தேடலாமே சார்?” நான் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் சினிமாவில்தான் வரும், உட்காரு” என்றேன்.

நவம்பர் 30ஆம் தேதி, ஆட்களை உயிரோடு மீட்கும் முயற்சியைக் கைவிடுவதாக அர்ஜென்டினா கடற்படை அறிவித்தது. அதே நாளில்தான் எங்கள் கடலில் ஒக்கி புயல். அதற்குப் பிறகு சப்மரீனைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் தவறு. ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் சொன்ன கருவி அப்போதே இருந்தது. ஆனால் அது ‘ஆள் இல்லாத சப்மரீன்’ அல்ல, வேறு ஒரு வம்சம்.

நீர்மூழ்கியின் கதை மனிதனை உள்ளே வைத்துத்தான் தொடங்குகிறது. 1776இல் நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தகர்க்கப் போன ‘டர்ட்டில்’ என்ற மரக்கலத்தில் ஒரே ஆள். கையால் சுழற்றித்தான் ஓட்ட வேண்டும். உள்ளே இருந்த காற்று அரை மணி நேரத்துக்குத்தான் காணும். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த ‘ஹன்லி’யில் எட்டுப் பேர். எட்டுப் பேருமே திரும்பவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நீர்மூழ்கி கட்டுகிறவர்களின் முதல் கவலை உள்ளே இருப்பவன் மூச்சுவிட வேண்டும் என்பதுதான். தடித்த எஃகு உடல், காற்று, உணவு, படுக்கை எல்லாம் அதற்காகவே.

தானியங்கி நீரடி வாகனத்தின் முன்னோர் டார்பிடோ. 1866இல் ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இன்றைய குரோஷியாவின் ரியேகா நகரில், தானாக ஓடும் டார்பிடோவைச் செய்தார். எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும் என்பதைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் அமைப்பை அதில் வைத்தார். ஏவிவிட்ட பிறகு அதற்கு ஆணையிட யாரும் கிடையாது. 1957இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கடலை ஆராய அதே மாதிரி ஒரு கருவியைச் செய்யத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஸ்பர்வ். வெடிப்பதற்குப் பதில் அளந்துகொண்டு திரும்பி வரும். இன்றுள்ள பல தானியங்கி வாகனங்களைப் பார்த்தால் டார்பிடோவின் சாயல் அப்படியே தெரியும்.

ஆள் இல்லையென்றால் என்னவெல்லாம் மாறுகிறது? கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். உள்ளே காற்றறை இருந்தால்தான் அந்த அழுத்தத்தை உடல் முழுக்கத் தாங்க வேண்டும். சான் ஹுவான் சுமார் 300 மீட்டர் வரைக்கும் கட்டப்பட்ட கப்பல். தானியங்கி வாகனத்தில் பெரும்பகுதிக்குள் கடல்நீரே புகுந்து நிற்கும். மின்னணுப் பகுதிகளை மட்டும் தடித்த கூடுகளில் அடைத்தால் போதும். அதனால் 6,000 மீட்டர் வரை போகிறது.

இரண்டாவது, பேச்சு. ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் கொஞ்சம் இறங்கும். எங்கள் பக்கத்து நெல்லை மாவட்டத்தில், விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அப்படித்தான். செய்தி வராவிட்டாலும் கப்பலுக்குள் முடிவெடுக்க கேப்டன் இருக்கிறார். தானியங்கி வாகனத்துக்கு ஜி.பி.எஸ். கிடையாது, கேப்டனும் கிடையாது. தரையில் ஒலியை அடித்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்குப் போட்டு, பாறை வந்தால் விலகுவதா மேலே ஏறுவதா என்று தானே தீர்மானிக்க வேண்டும். கேபிள் கட்டி மேலிருந்து ஓட்டும் கருவியும் உண்டு. அது இதில் சேராது.

இனி சான் ஹுவானுக்கு வருகிறேன். மீட்பு முயற்சி நின்ற பிறகும் குடும்பத்தார் ஓயவில்லை. தேடச் சொல்லிப் போராடினார்கள். 2018 செப்டம்பரில் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனம் தேடலைத் தொடங்கியது. கப்பல் காணாமல் போன அன்று கடலுக்குள் வெடிப்பு போன்ற ஓசை ஒன்று பதிவாகியிருந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க வைத்திருந்த ஒலிமானிகள் பிடித்த ஓசை அது. அந்தத் தடத்தை வைத்து ஐந்து தானியங்கி வாகனங்களை இறக்கினார்கள். வயலில் ஏர் ஓட்டுவதுபோல் அவை வரிசை வரிசையாகப் போய் சோனாரில் கடல்தரையைப் படமெடுத்தன. நவம்பர் 16ஆம் தேதி, ஓராண்டும் ஒரு நாளும் கழிந்து, 900 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒரு கடலடிப் பள்ளத்தாக்கில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். கேபிளில் இறக்கிய கேமரா அதை உறுதி செய்தது. உடல் நசுங்கிக் கிடந்தது. 44 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தக் கருவியால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்றும் வேலைக்கு அது செய்யப்பட்டதும் அல்ல. 2005இல் ஆட்டோசப்-2 என்ற பிரிட்டிஷ் தானியங்கி வாகனம் அண்டார்டிக்காவின் பனியடுக்குக்கு அடியில் போய்த் திரும்பவே இல்லை. பணம் போனது, உழைப்பு போனது. எந்த வீட்டிலும் இழவு விழவில்லை. கப்பலுக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ‘இங்கேதான் இருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லுக்காக அந்தக் குடும்பங்கள் ஓராண்டு காத்திருந்தன. அந்தச் சொல்லின் மதிப்பை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒக்கியில் போனவர்களில் எத்தனையோ பேருக்கு இன்றுவரை அந்தச் சொல் வரவில்லை.

அந்த மாணவிக்கு இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால் சொல்கிறேன்: அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. சாருக்குத்தான் பதில் தெரியவில்லை.