இளைஞரும் சுதந்திரமும்

சுதந்திரம் என்னும் சொல் இன்று நம் இளைஞர் நாவிலே எளிதாகப் புழங்குகின்றது. விரும்பியதைப் பேசுதல், விரும்பிய துறையிற் கற்றல், விரும்பிய நாட்டுக்குச் செல்லுதல் என அதற்கு அவர்கள் பொருள் கூறுவர். மூத்தோரோ, சுதந்திரம் வேறு, தான்தோன்றித்தனம் வேறு எனக் கண்டிப்பர். இவ்விரு சாராருக்கும் இடையிற் புகுந்து தீர்ப்பு வழங்குவது எம் நோக்கமன்று. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் நம் மண்ணிலேயே இவ்வினாவை எழுப்பி, விடை காணவும் துணிந்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் சாதித்ததையும் தவறியதையும் ஒருங்கே நோக்கின் நமக்குத் தெளிவு பிறக்கும்.

1924 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மாணவரும் கூடி மாணவர் காங்கிரஸ் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பின்னர் அதுவே யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடியாக இருந்தார். சைவரும் கிறிஸ்தவரும் அங்கே வேற்றுமையின்றிக் கூடினர். அந்நியர் ஆட்சி நீங்கவேண்டும், தாய்மொழி உயரவேண்டும், சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகள். அவர்கள் அழைப்பையேற்று 1927 நவம்பரில் மகாத்மா காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். கதர் நிதி திரட்ட வந்த அடிகள், தீண்டாமை என்னும் மாசைக் களையுமாறும் நம்மவரிடம் வற்புறுத்தினார்.

அக்காலத்திலே பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர இயலாது. நிலத்திலோ, தனித்து ஒதுக்கப்பட்ட இடத்திலோ இருந்துதான் அவர்கள் எழுத்துக் கற்றனர். ஒரே ஏடு, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். இருக்கை மாத்திரம் வேறு! உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற ஒழுங்கு 1930 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. பிள்ளைகளைப் பாடசாலையினின்றும் மறித்தவர் உளர்; சில பாடசாலைகள் தீக்கிரையாகின. அவ்வேளையில் வாலிப காங்கிரஸார் தம் உறவினரின் சினத்துக்கும் அஞ்சாது சம ஆசனத்தின் பக்கம் நின்றனர். வெள்ளைக்காரத் தேசாதிபதியை எதிர்த்துப் பேசுவோனுக்கு ஊரிலே மாலை விழும்; சொந்தப் பெரியப்பனை எதிர்த்துப் பேசுவோனுக்கு வீட்டிலே சோறு கிடைப்பதும் ஐயம். ஆதலின் இரண்டாவதே அரிய வீரம் என்போம்.

இனி அவர்களுடைய பெரும் போராட்டத்துக்கு வருவோம். டொனமூர் அரசியல் திட்டத்தின்படி 1931 இல் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடைபெறவிருந்தது. அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை. நிதி, நீதி முதலிய முக்கிய துறைகள் மக்கள் தெரிவுசெய்யாத மூன்று அரசாங்க உத்தியோகத்தர் கையில் இருந்தன. தேசாதிபதிக்கும் விசேட அதிகாரங்கள் இருந்தன. அரைச் சுதந்திரம் வேண்டேம் எனக் கருதிய வாலிப காங்கிரஸார், 1931 ஏப்ரலில் கூடிய மாநாட்டிலே பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேற்றினர். இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையார் அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆனால் தென்னிலங்கை இவ்வழியைப் பின்பற்றவில்லை, ஏனைய இடங்களில் தேர்தல் நடந்தது, சபையும் கூடியது. நம் நான்கு ஆசனங்கள் 1934 ஆம் ஆண்டில் இடைத்தேர்தல் நடைபெறும் வரை வெறுமையாகவே கிடந்தன.

இப்பகிஷ்காரம் வீரச் செயலா, பிழையா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். நாம் வேறொன்றைக் கவனிக்க விரும்புகின்றோம். பூரண சுதந்திரம் தராத அதே டொனமூர்த் திட்டம் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கியது. அதற்குமுன் கல்வியும் பொருளும் உடைய ஆடவர் சிலருக்கே அவ்வுரிமை இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருமக்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். கூலி வேலை செய்வோன், வீட்டை விட்டு வெளிவராத தாய், நிலத்திலிருந்து எழுத்துக் கற்ற பிள்ளையின் தந்தை ஆகியோர் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த தேர்தல் அது. குடாநாட்டிலே அவர்களுக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. சுதந்திரத்தின் பெயராலேயே அது நின்றுபோயிற்று! தீர்மானம் எடுத்த மாநாட்டிலே அவர்களிடம் யார் கேட்டார்? பகிஷ்காரம் செய்தோரின் தூய உள்ளத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் பிறருக்காகச் சுதந்திரம் கேட்போர், அப்பிறரையும் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும் என்பது அன்றைய வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

நாடு சுதந்திரம் அடைந்தபின்னும் இப்பாடம் பழுதாகவில்லை. 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் கொடி ஏறியது. அதே ஆண்டிலே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றோர் ஆயினர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார்கள் உள்ளே செல்லவிடாது தடுக்கப்பட்டனர். சட்டம் வாசல் வரை வந்தது. திறவுகோலோ மனிதர் மனத்தில் இருந்தது.

இன்றைய இளைஞருக்கு 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. 2022 இல் காலிமுகத்திடலிலே திரண்ட மக்களுள் இளைஞரே முன்னின்றனர். ஜனாதிபதி ஒருவர் பதவி துறக்க நேர்ந்ததையும் கண்டோம். ஆகவே அதிகாரத்தை நோக்கி 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அது சுதந்திரத்தின் பாதி. மற்றைப் பாதி, நம் அருகே இருப்பவனுக்கு நாம் இடம் விடுதல். நம் சங்கக் கூட்டங்களில் பெண்பிள்ளைகள் வரவேற்பும் கோலமும் மட்டுந்தானா, தீர்மானமும் அவர்களுடையதா? எல்லாத் தெருப் பிள்ளைகளும் நம் அங்கத்தவர் இடாப்பில் உள்ளனரா? இளையோர் பேசும்போது மூத்தோர் செவிசாய்க்கின்றனரா? மூத்தோர் பட்டறிந்து சொல்வதை இளையோர் கேட்கின்றனரா? இவ்வினாக்களுக்கு அரசாங்கத்தைக் குறைகூறித் தப்ப இயலாது. விடை நம் கையிலேயே உள்ளது.

பெறுவதற்குப் போராடிய தலைமுறையை நன்றியோடு நினைவுகூர்வோம். பெற்றதைப் பகிர்ந்தளிக்கும் தலைமுறையாக நாம் விளங்குவோம். அடுத்த பொதுக்கூட்டத்திலே வாங்கின் ஓரத்தில் ஒருவர் தயங்கி நிற்பாராயின், சற்று நகர்ந்து இடம் கொடுப்போம். நம் சுதந்திரம் அங்கே தொடங்கட்டும்.