யூ மரப் பட்டையும் ஒரு புற்றுநோய் மருந்தும்

காட்டுச் செடிகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் வேலை, பெரிய அரசுத் திட்டமாக அமெரிக்காவில் 1960இல் தொடங்கியது. அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் வேளாண்மைத் துறையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. துறையின் தாவரவியலாளர்கள் செடிகளைச் சேகரித்து அனுப்ப வேண்டும். நிறுவனம் அவற்றின் சாற்றை ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களிலும் ரத்தப் புற்று உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் சோதிக்கும். 1980களின் தொடக்கத்தில் திட்டம் நிறுத்தப்பட்டபோது, சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து எடுத்த 1,14,000 சாறுகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மருந்துக் கடைவரை வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

செடிகளை நம்ப அன்று காரணம் இருந்தது. தமிழ்நாட்டில் சுடுகாட்டுமல்லி என்றும் அழைக்கப்படும் நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிப்பார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அந்த இலையைச் சர்க்கரை நோய்க்காகவே ஆராய்ந்தார்கள். எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரிக்கப்பட்டது. எலி லில்லி நிறுவனம் தனியாக நடத்திய ஆய்வில் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் கிடைத்து, 1963இல் விற்பனைக்கு வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் நீங்கா இடம் பெற்றிருக்கிறது.

அரசுத் திட்டம் சென்ற வழி வேறு. புற்றுநோய் நிறுவனத்தின் ஜொனதன் ஹார்ட்வெல் உலக நாடுகளின் வைத்திய ஏடுகளைத் துருவி, கட்டிகளுக்குப் பயன்பட்டதாகக் கூறப்படும் 3,000க்கும் மேற்பட்ட தாவரங்களைப் பட்டியலிட்டார். ஆனால் களத்துக்குப் போனவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துத் தேடவில்லை. கண்ணில் படும் மரத்தையெல்லாம், பட்டை, சுள்ளி, இலை, காய் எனப் பகுதி பகுதியாகச் சேகரித்தார்கள். மக்கள் மருத்துவத்தில் வழங்கும் செடிகளில் பயன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை, அதே திட்டத்தின் முடிவுகளைக் கொண்டு 1976இல் இரண்டு தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் இத்திட்டத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு கண்மூடித்தனமான அந்தச் சேகரிப்பில்தான் கிடைத்தது.

1962 ஆகஸ்டில், வாஷிங்டன் மாநிலத்தின் கிஃபர்ட் பின்ஷோ தேசியக் காட்டில், வேளாண்மைத் துறையின் ஆர்தர் பார்க்லே பசிபிக் யூ மரம் ஒன்றின் பட்டையைச் சேகரித்தார். டாக்சஸ் பேரினத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம் அது. ஓங்கி வளர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலில், மிக மெதுவாக வளரும். மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு அது வேண்டாத மரம். காட்டை மொட்டையடித்த பிறகு மிஞ்சும் கழிவோடு குவித்து எரித்துவிடுவார்கள்.

1964இல் அந்தப் பட்டையின் சாறு வளர்ப்பு உயிரணுக்களைக் கொல்வது தெரிந்தது. வட கரோலினாவிலுள்ள ரிசர்ச் டிரையாங்கிள் நிறுவனத்தில் மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகியோரின் கைக்கு அது போனது. வாணி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து, பம்பாயில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். 12 கிலோ உலர்ந்த பட்டையைப் படிப்படியாகப் பிரித்து அவர்கள் எடுத்த தூய பொருள் அரை கிராம். கட்டமைப்பு புரிவதற்கு முன்பே வால் அதற்கு டாக்சால் என்று பெயர் வைத்துவிட்டார். மூலக்கூறு பெரியது, சிக்கலானது. டியூக் பல்கலைக்கழகப் படிகவியலாளர் ஒருவரின் துணையோடு எக்ஸ் கதிர் மூலம் அதன் வடிவத்தைக் கண்டறிந்து, 1971இல் வெளியிட்டார்கள்.

அதன்பின் சில ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டையில் இருப்பதோ சொற்பம், நீரில் கரையாது, சோதனைக்கு வைத்திருந்த சுண்டெலி ரத்தப் புற்றில் அதன் விளைவும் சுமார்தான். குறை மருந்தில் மட்டும் இல்லை, சோதனையிலும் இருந்தது. ரத்தப் புற்றை அளவுகோலாக வைத்த திட்டம், திடக் கட்டிகளைத் தாக்கும் பொருள்களைத் தவறவிடும் நிலையில் இருந்தது. 1970களின் நடுவில் சுண்டெலிகளின் தோல் கருமைப் புற்றில் டாக்சால் நன்றாக வேலை செய்வது தெரிந்த பிறகே, 1977இல் மருந்தாக வளர்க்கத் தக்கது எனப் புற்றுநோய் நிறுவனம் அதை ஏற்றது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்து 1979இல் வெளியிட்டார். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் கட்டப்படுகின்றன. வேலை நடக்க அவை கட்டப்படவும் வேண்டும், கலையவும் வேண்டும். நித்தியகல்யாணியின் மருந்துகள் குழல்கள் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. டாக்சால் நேர்மாறாக, கட்டிய குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிரிய முடியாத உயிரணு மடிகிறது. இப்படி வேலை செய்யும் மருந்து எதுவும் அதுவரை அறியப்படவில்லை. வேதியியலாளர்களுக்கு மட்டும் சுவையாக இருந்த ஒரு பொருளை மருத்துவர்களும் திரும்பிப் பார்க்க வைத்தது ஹார்விட்ஸின் அந்த ஆய்வுக் கட்டுரைதான்.

மனிதர்களிடம் சோதனை 1984இல் தொடங்கியது. நீரில் கரையாத மருந்தை ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் கலந்து செலுத்தினார்கள். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாகி, சோதனையே நின்றுபோகும் நிலை வந்தது. மருந்தைப் பல மணி நேரம் மெதுவாக ஏற்றியும், முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுத்தும் அந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு நிலைமையை மாற்றியது. மற்ற மருந்துகளுக்கு மசியாத சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 40 பெண்களில் 12 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது.

செய்தி பரவியதும், மருந்து எங்கே என்ற கேள்வி எழுந்தது. ஒரு கிலோ டாக்சாலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும்; பருத்த மரமாக வளர நூறாண்டுக்கு மேல் ஆகும். அதே காடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தை, அழியும் அபாயத்துக்கு உள்ளான உயிரினமாக 1990இல்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. நோயாளிக்கா, காட்டுக்கா முதலிடம் என்று செய்தித்தாள்கள் கேட்டன. கேள்வியே பொருந்தாதது. அதுவரை அந்த மரத்தைக் குவித்து எரித்தவர்கள் நோயாளிகளும் அல்ல, காட்டைக் காக்க வந்தவர்களும் அல்ல. கூட்டரசு நிலங்களில் யூ மரம் வீணாவதைத் தடுக்க 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

1991இல் புற்றுநோய் நிறுவனம் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மருந்தைத் தயாரித்து வழங்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு. மக்கள் வரிப்பணத்தில் சேர்ந்த ஆய்வுத் தரவுகளைப் பயன்படுத்தும் தனியுரிமையும் அதற்கே. 1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. வால் வைத்த டாக்சால் என்ற பெயர் நிறுவனத்தின் வணிகச் சின்னமாகி, மருந்தின் பொதுப்பெயர் பேக்லிடாக்சல் என்று மாறியது. பொதுப்பணத்தில் பிறந்த மருந்துக்கு வைத்த விலையைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களில் அப்போதே கடும் விவாதம் நடந்தது. அந்த விவாதம் நியாயமானது.

பட்டைக்கு மாற்று பிரான்சிலிருந்து வந்தது. ஜீஃப் சூர் இவெட் ஆய்வு வளாகத்தில் பியர் பொத்தியேவின் குழு, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் டாக்சாலின் மையப் பகுதியை ஒத்த ஒரு பொருள் தாராளமாக இருப்பதைக் கண்டது. அதில் மீதிப் பகுதியை ஆய்வகத்தில் இணைத்தால் போதும். இலையைக் கிள்ளினால் மரம் சாகாது. மறு ஆண்டும் துளிர்க்கும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோல்டன் அந்த இணைப்பை எளிதாக்கிய முறையை பிரிஸ்டல் நிறுவனம் வாங்கிப் பயன்படுத்தியதால், 1990களின் நடுவிலேயே பட்டைக்கான தேவை நின்றது. பொத்தியே குழுவின் ஆய்விலிருந்து டோசிடாக்சல் என்ற இன்னொரு மருந்தும் பிறந்தது. பின்னாளில் யூ மரத்தின் உயிரணுக்களையே தொட்டிகளில் வளர்த்து மருந்து எடுக்கும் முறையும் வந்தது.

இதே வால், வாணி இணை 1966இல் காம்டோதெசின் என்ற இன்னொரு பொருளைச் சீன மரமொன்றிலிருந்து பிரித்திருந்தது. சோதனையில் சிறுநீர்ப்பையைக் கடுமையாகத் தாக்கியதால் அதை ஒதுக்கிவிட்டார்கள். இருபதாண்டு கழித்து அதன் செயல்முறை விளங்கி, அதன் மாற்று வடிவங்களான டோபோடெகன், இரினோடெகன் ஆகியவை மருந்தாயின. இந்தப் பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. மராத்தியில் நர்க்யா எனப்படும் மரத்தில் அது நிறைய இருப்பதை 1972இல் அறிவித்தவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த கோவிந்தாச்சாரி, அப்போது பம்பாயின் சீபா ஆய்வு மையத்தை நடத்திவந்தார். ஏற்றுமதிக்காகப் பல ஆண்டுகள் வெட்டியதில் அந்த மரம் அருகிவிட்டது.

இமயமலை யூ மரத்துக்கும் அதே கதி. வடநாட்டு மருந்துச் சந்தைகளில் தாளிசபத்திரி என்ற பெயரில் அதன் இலை முன்பே விற்கப்பட்டுவந்தது. டாக்சால் வந்தபின் பட்டையும் இலையும் டன் கணக்கில் வெளியேறின. 1995இல் அம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் 1986இல் வெப்பமண்டலக் காடுகளில் தேடலை மீண்டும் தொடங்கியபோது, செடி கிடைக்கும் நாட்டுக்குப் பயனில் பங்கு தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்கும் வழக்கம் உருவானது. 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மய உடன்படிக்கை அதைப் பன்னாட்டு விதியாக்கியது. இந்தியா 2002இல் அதற்கான தன் சட்டத்தை இயற்றியது. நித்தியகல்யாணி தென் தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் பயிராகிறது. நர்க்யாவும் இமயமலை யூவும் அப்படிப் பயிராகாதவரை, அவற்றின் மருந்துக்கு விலை கொடுப்பது காடுதான்.