தூக்கத்துக்கு ஒரு சாட்சி

மூன்று ஏஸ், இரண்டு கிங். போக்கரில் இப்படிச் சீட்டு விழுந்தால் யாருக்காவது தூக்கம் வருமா? அமெரிக்காவில் ஒரு குண்டு அதிகாரிக்கு வந்தது! கையில் சீட்டோடு தூங்கிவிட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

1956-ல் பர்வெல் என்ற டாக்டரும் சகாக்களும் இவர் கேஸை எழுதினார்கள். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் குண்டுப் பையன் ஜோவை நினைத்து, 'பிக்விக்' என்றே நோய்க்குப் பெயர். காரணம்? பருமனும், ரத்தத்தில் சேரும் கரியமில வாயுவும் என்றார்கள்.

குட்டு வெளிப்பட்டது 1965-ல். பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குபவரின் மூச்சை ராத்திரி முழுக்கப் பதிவு செய்தார்கள். குறட்டை சட்டென்று அடங்குகிறது. மூச்சு நிற்கிறது. மூளை உலுக்க, மறுபடி மூச்சு. விடிய விடிய இதே கூத்து. காலையில் ஆசாமிக்கு எதுவும் ஞாபகமில்லை!

வைத்தியம்? தொண்டையில் துளை போடுவது. 1980-ல் சிட்னியில் ஒரு நோயாளி, அது மட்டும் வேண்டாம் என்றார். டாக்டர் காலின் சல்லிவன் யோசித்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து, மூக்கு வழியே காற்றைச் செலுத்தினார். தொண்டை மூடவில்லை. 1981-ல் 'லான்செட்' இதழில் ஐந்து பேரின் கதை வந்தது. இன்றைய 'சிபேப்' மெஷின் பிறந்த கதை இதுதான்.

இப்போது டாக்டரிடம் போகாமலே மெஷின் தேடுகிறவர்கள் உண்டு. சந்தேகப்பட, பக்கத்தில் படுப்பவரின் காது போதும். ஆனால், அடைத்தது தொண்டையா, மூச்சுவிடச் சொல்ல மறந்தது மூளையா? அதைச் சொல்ல ஒரு ராத்திரிப் பதிவும், அதைப் படிக்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும். தன் தூக்கத்துக்குத் தானே சாட்சி சொல்ல யாராலும் முடியாது!