புரத ஆராய்ச்சியும் கட்டற்ற கருவிகளும்

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இற் கலித்தொகையை அச்சேற்றுமுன், ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராய்ந்தார். ஒருவர் வீட்டுப் பெட்டியுட் கிடக்கும் ஏட்டின் பிழை பிறர்க்குப் புலனாகாது. அச்சேறிப் பலர் கைக்கு வரின் புலனாகும். இவ்வுண்மை நூற்பதிப்புக்கேயன்றி மூலக்கூற்று உயிரியலுக்கும் பொருந்துவதை அத்துறையின் வரலாறு காட்டும்.

1952-இற் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரி அமைப்பினது என 1954-இல் வெளியிட்டார். அவ்வமைப்பிற் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனப் பிரான்சிசு கிறிக், அலெக்சாந்தர் றிச் ஆகியோர் தடை நிகழ்த்தினர். விடை காண முற்பட்ட இராமச்சந்திரன், அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதைப் பிறர் வெளியிட்ட படிக ஆய்வுகளிலிருந்தே தொகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் சுழலத்தக்க பிணைப்புகள் இரண்டு உள. அவற்றின் சுழற்சிக் கோணங்களுள் எவை இணைந்தால் அணுக்கள் மோதா என்பதை, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் மேசைக் கணக்குப்பொறி கொண்டு கணித்தார். 1963-இல் வெளியான அவ்விடையே 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப் பெயர் பெற்றது. புதிதாகக் கண்ட புரத அமைப்பு ஏற்கத்தக்கதோ என்பதை உலகெங்கும் இன்றும் அதனைக் கொண்டே சோதிக்கின்றனர். தடையை வெளிப்படையாக எழுப்பவும், விடையை வெளிப்படையாக ஆராயவும் இயன்றமையாலன்றோ இவ்வாக்கம் விளைந்தது!

பின்னர்க் கணிப்பு வேலை கணினிக்கு மாறியது. 1971-இல் ஏழு அமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி, இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை யாவர்க்கும் விலையின்றி வழங்குகின்றது. ஆயினும், தரவு வெளிப்பட்டிருந்தும் அதனைக் கையாளும் செய்நிரல் மறைந்திருப்பின் யாது பயன்? கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுகூடம் தன்னகத்தே வழங்கிய செய்நிரலொன்று இரு பத்தி எண்களை இடம் மாற்றிவிட, புரதத்தின் வடிவம் கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறிற்று. 2001 முதல் வெளிவந்த கட்டுரைகள் அப்பிழையைச் சுமந்தன. வேறோர் ஆய்வுக்குழு கண்ட மாறான முடிபு 2006-இல் வெளிவந்தபின்னரே உண்மை துலங்கியது. ஐந்து கட்டுரைகளை மீளப்பெற நேர்ந்தது.

இத்தகைய இடருக்கு மருந்தாவது கட்டற்ற மென்பொருள். 1983-இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் தொடங்கிய குனு இயக்கம், செய்நிரலைப் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பகிரவும் யாவர்க்கும் உரிமை வேண்டியது. உயிரியலிலும் அந்நெறி வேரூன்றியது. றோஜர் செயில் ஆக்கிய ராஸ்மொல் என்னும் மூலக்கூறு காட்டும் கருவி 1993-இல் மூலநிரலோடு வழங்கப்பட்டது. 1999-இற் பயோபைதன் தொகுதி தொடங்கப்பட்டது. கட்டற்ற கருவியிற் பிழையே இராது என்பதன்று. பிழை இருப்பின் எவரும் அதனைக் காணலாம் என்பதே அதன் சிறப்பு.

சென்னையில் அரிதின் முயன்று கணித்த அக்கோணங்களை, யாழ்ப்பாணத்து மாணவரொருவர் பயோபைதன் கொண்டு சில வரிகளிற் பெறலாம். பெற்றதோடு அமையாது, மூலநிரலைத் திறந்து கணிப்பு நிகழுமாற்றையும் கற்றல் வேண்டும். ஏடு பார்த்துப் பாடபேதம் கண்ட மரபினர்க்கு இது புதிய நெறியன்று.