ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் உடற்பயிற்சி: பெண்களை மறந்த ஒரு வரலாறு

1/ 1975-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷனை டாக்டர் கே.எம்.செரியன் செஞ்சது நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில. இது பலருக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு அப்புறம் நோயாளியை நடக்க வைக்கிற வைத்தியத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதுல பெண்கள் ரொம்ப லேட்டாதான் வர்றாங்க. த்ரெட் 👇

2/ அந்த வைத்தியத்துக்குப் பேர் கார்டியாக் ரிஹாப், அதாவது இதய மறுவாழ்வு சிகிச்சை. டாக்டர் கண்காணிப்புல படிப்படியா கூட்டுற உடற்பயிற்சிதான் இதுக்கு அச்சாணி.

3/ ஐடியா பழசு. நெஞ்சுவலி வந்த ஒருத்தர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து கிட்டத்தட்ட குணமானார்னு ஆங்கிலேய மருத்துவர் ஹெபர்டன் எழுதினது 1802-ல் அச்சில் வந்தது.

4/ ஆனா 20-ம் நூற்றாண்டில் ரூட்டு மாறிடுச்சு. ஹார்ட் அட்டாக்னா வாரக்கணக்குல படுக்கை. அசையவே கூடாது. தசை கரைஞ்சது, கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போச்சு. 1952-ல் அமெரிக்காவில் லெவைன், லோன் ரெண்டு பேரும் நோயாளிகளை நாற்காலியில உட்கார வச்சுப் பார்த்தாங்க. அது அன்னைக்குப் பெரிய துணிச்சல்.

5/ 1953-ல் லண்டன் பஸ் ஆய்வு. உட்கார்ந்தே ஓட்டுற டிரைவரை விட, மாடிப்படி ஏறி இறங்குற கண்டக்டருக்கு இதய நோய் குறைவுன்னு ஜெரி மாரிஸ் காட்டினார். கணக்குல எடுத்தது ஆண்களை மட்டும்.

6/ 1970-களில் அமெரிக்கா நடத்திய பெரிய ரிஹாப் ஆய்வுல 651 பேர். அத்தனை பேரும் ஆண்கள்! 2016-ல் காக்ரேன் குழு 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்பவும் பெண்கள் 15%-க்கும் கம்மி.

7/ சரி, பெண்களையும் சேர்த்து எண்ணினப்ப என்ன தெரிஞ்சது? ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன், இதய செயலிழப்பு உள்ள 2,331 பேரிடம் நடந்த ஆய்வு. 2014-ல் வந்த அதன் அலசல்படி, பயிற்சிக் குழுவில் இருந்த பெண்களுக்கு இறப்பு அல்லது அட்மிஷன் ஆகும் வாய்ப்பு சுமார் 26% குறைவு. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியல.

8/ கனடாவின் கால்கரி பதிவேட்டிலும் ரிஹாப் முடித்த பெண்களுக்குப் பலன் ஆண்களை விட அதிகமாத் தெரிஞ்சது. (பதிவேடுங்கிறதால, முடிச்சவங்க ஏற்கனவே கொஞ்சம் ஆரோக்கியமானவங்களா இருந்திருக்கலாம்.) ஆனா ரிஹாப்புக்கு அனுப்பப்பட்டது ஆண்களில் 42%, பெண்களில் 31%.

9/ அதாவது, பலன் அதிகம் கிடைக்கக்கூடியவங்களைத்தான் நாம குறைவா அனுப்புறோம்.

10/ நம்ம ஊர்ல காரணம் தெரிஞ்சதுதான். "அம்மா வீட்ல நாள் பூரா வேலை செய்யறாங்களே, அது போதாதா?" போதாது. வீட்டு வேலை விட்டு விட்டு நடக்கிறது. அதுல நாடித்துடிப்பு பார்க்கிறது கிடையாது, வாராவாரம் அளவு கூட்டுறதும் கிடையாது. களைப்பு வேற, பயிற்சி வேற.

11/ அடுத்த செக்கப்ல அம்மாவுக்காக, அக்காவுக்காக இந்த ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், இவங்களுக்கு ரிஹாப் எப்போ ஆரம்பிக்கலாம்?" டாக்டர் சொன்ன அளவுல நடக்கட்டும். நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்தை மீறின மூச்சுத்திணறல் வந்தா உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வாங்க.